மட்டக்களப்பும் இரத்மலானையும்: 220 கிலோமீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம்?

லண்டனில் இருக்கும் என் அக்காவின் மகன் போன மாதம் வட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, இரத்மலானையில இருந்து மட்டக்களப்புக்குப் பிளேனில 47 நிமிஷம் எண்டு நெட்டில கிடக்கு. உண்மையா?"

பிள்ளைகளோடு ஊருக்கு வர நினைக்கிறான். கட்டுநாயக்காவில் இறங்கி, இரண்டு சின்னப் பிள்ளைகளையும் ஆறு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் வருவதை நினைத்தால் அவனுக்குத் தலை சுற்றுகிறது. 47 நிமிடம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! "ஓம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியபோது, நம்முடைய ஊர் கொழும்பிலிருந்து ஏன் இவ்வளவு தூரமாகத் தெரிகிறது என்ற பழைய கேள்வியும் கூடவே வந்து நின்றது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரம். இதைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை. சாதாரண தரக் கணிதம் போதும். கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானை விமான நிலையம் வட அகலாங்கு 6 பாகை 49 கலையிலும் (ஒரு பாகைக்கு அறுபது கலை), கிழக்கு நெட்டாங்கு 79 பாகை 53 கலையிலும் இருக்கிறது. மட்டக்களப்பு விமான நிலையம், அதாவது வலையிறவுப் பக்கம் திமிலைதீவில் உள்ள நம்முடைய ஓடுபாதை, 7 பாகை 42 கலை வடக்கு, 81 பாகை 41 கலை கிழக்கு. வடக்குத் தெற்காக வித்தியாசம் 53 கலை. கிழக்கு மேற்காக 108 கலை.

இப்போது கடல்மைல் என்ற அளவு கைகொடுக்கிறது. கப்பற்காரரும் விமானிகளும் கிலோமீற்றரை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு: அகலாங்கில் ஒரு கலை என்பது பூமியின் மேல் ஒரு கடல்மைல். ஆகவே 53 கலை என்றால் 53 கடல்மைல். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் அங்கே சிறிது கழிக்க வேண்டும். நாம் பூமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் கழிவு மிகச் சிறியது. 108 கலை 107 கடல்மைலாகிறது. மிகுதி பைதகரஸ். 53இன் வர்க்கம் 2809, 107இன் வர்க்கம் 11449, கூட்டினால் 14258, அதன் வர்க்கமூலம் 119 சொச்சம். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். ஆக, 220 கிலோமீற்றர்.

பூமி உருண்டை என்பதால் இந்த நேர்கோடும் வளைந்த கோடுதானே என்று கேட்கலாம். லண்டனுக்கோ கனடாவுக்கோ போகும்போது அந்த வளைவு பெரிய விஷயம். இங்கே அதனால் வரும் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை.

சரி, 220 கிலோமீற்றர். இதே கொழும்புக்குத் தரைவழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் 350 கிலோமீற்றர் அளவு. ஏன் இவ்வளவு கூடுகிறது என்பதற்கு வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் போதும். கோட்டையில் புறப்படும் கோச்சி பொல்காவலை தாண்டி வடக்கே மாகோ வரை போகிறது. அங்கே யாழ்ப்பாணப் பாதையை விட்டுப் பிரிந்து வடகிழக்காகக் கல்லோயாச் சந்திக்கு ஏறுகிறது. பிறகு தென்கிழக்கே திரும்பி, பொலன்னறுவை, வெலிகந்தை, வாழைச்சேனை என்று இறங்கி மட்டக்களப்புக்கு வருகிறது. நம்முடைய ஊரின் அகலாங்கைத் தாண்டி வடக்கே போய், அப்புறம் திரும்பி வரும் பாதை அது. (கல்லோயாச் சந்தியை அம்பாறைக் கல்லோயாவோடு குழப்பிக்கொள்ளும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரயில் சந்தி ஹபரணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்பாறைக் கல்லோயா, சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவில் நூறு கிலோமீற்றருக்கும் மேல்.)

இந்தச் சுற்றுக்கெல்லாம் காரணம் மலை. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் நேரே கோடு கிழித்தால் அது அவிசாவளைக்குப் பக்கத்தால் ஏறி, கண்டிக்குச் சற்றுத் தெற்கே கடந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரை இடப்பக்கமும் நுவரெலியா மலைகளை வலப்பக்கமும் விட்டு, மகியங்கனைக்கு மேலால் வந்து, மகாஓயா, உன்னிச்சைக் குளம் என்று இறங்குகிறது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போய்ப் பழகியவர்களுக்கு இந்தக் கோட்டின் கடைசிப் பகுதி தெரிந்த இடங்களாகவே இருக்கும். நிலத்தில் போகிறவர் இந்தக் கோட்டைப் பிடிக்க முடியாது. வானத்தில் போகிறவர் பிடிக்கலாம்; ஆனால் உயர ஏற வேண்டும்.

47 நிமிடம் என்ற எண் எப்படி வந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடலாம். தூரம் கணிக்கும் இணையக் கருவிகள் பல, தூரத்தை ஒரு பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால், மணிக்கு 800 கிலோமீற்றரென்று வைத்துக்கொள்வோம், வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடுகின்றன. 220ஐ 800ஆல் வகுத்தால் பதினாறரை நிமிடம். அதோடு 30. நாற்பத்தேழு வந்துவிட்டது. பிழை எங்கே என்றால், மட்டக்களப்புக்கு அப்படியொரு ஜெட் விமானம் வருவதில்லை. இந்தப் பாதைக்கு இந்தக் காலத்தில் பொருத்தமானது செஸ்னா கரவான் போன்ற சிறிய விமானம். ஒற்றை இயந்திரம், முன்னால் ஒரு விசிறி, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். அதன் வேகம் மணிக்கு 165 கடல்மைல் அளவு, கிலோமீற்றரில் 300 சொச்சம்.

இனி அந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்து நேரத்தைப் பகுதி பகுதியாக எண்ணிப் பார்ப்போம்.

மலைநாட்டுக்கு மேலால் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், தன் வழியிலுள்ள மிக உயர்ந்த இடத்துக்கு மேல் குறைந்தது 2,000 அடி இடைவெளி விட வேண்டும் என்பது பொது விதி. இலங்கையின் உச்சி பிதுருதலாகலை, 2,524 மீற்றர், அடியில் 8,281. அது நம்முடைய நேர்கோட்டிலிருந்து 25 கிலோமீற்றர் அளவு தெற்கே விலகி நிற்கிறது. நக்கிள்ஸின் உச்சிகள் 1,900 மீற்றர் அளவுக்கு வருகின்றன, அடியில் ஆறாயிரத்துச் சொச்சம். ஆகவே 9,000 அடி ஒரு நல்ல உயரம். இன்னொரு விதியும் இதோடு ஒத்துப் போகிறது: கிழக்கு நோக்கிப் போகிற விமானம் 7, 9, 11 ஆயிரம் என்று ஒற்றை எண்ணிலும், மேற்கு நோக்கிப் போகிறது 8, 10 என்று இரட்டை எண்ணிலும் பறக்க வேண்டும். எதிரெதிரே வருகிறவை முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. மட்டக்களப்புக்கு வரும்போது 9,000, திரும்பும்போது 10,000 என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேலே போவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கரவானின் உட்பகுதி காற்றழுத்தம் ஏற்றப்பட்டதல்ல. பத்தாயிரம் அடிக்கு மேல் நீண்ட நேரம் பறந்தால் விமானிக்கு ஒட்சிசன் வேண்டும்.

ஏறுவது: நிமிடத்துக்கு 750 அடி என்று எடுத்தால் 9,000 அடிக்கு 12 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, 110 கடல்மைல் அளவு. அந்த 12 நிமிடத்தில் 22 கடல்மைல் போயிருக்கும். அவிசாவளை தாண்டிவிட்டது.

இறங்குவது: இங்கே காது கணக்கைத் தீர்மானிக்கிறது. காற்றழுத்தம் ஏற்றாத விமானம் சடாரென்று இறங்கினால் பயணிகளின் காது வலிக்கும், கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். அதனால் நிமிடத்துக்கு 500 அடிதான் இறக்குவார்கள். 9,000 அடியை 500ஆல் வகுத்தால் 18 நிமிடம். மணிக்கு 160 கடல்மைலில் அந்த 18 நிமிடத்தில் 48 கடல்மைல் ஓடிவிடும். கிலோமீற்றரில் 89. மகியங்கனைக்குச் சற்று முன்னாலேயே மட்டக்களப்புக்கான இறக்கம் தொடங்கிவிட வேண்டும் என்று இதற்குப் பொருள்.

மிச்சம் இருப்பது 49 கடல்மைல். அதற்கு 18 நிமிடம்.

பன்னிரண்டு, பதினெட்டு, பதினெட்டு. மொத்தம் 48 நிமிடம். அதில் விமானம் தன் முழு வேகத்தில் நேரே பறப்பது 18 நிமிடம் மட்டுமே. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு சிறிய தீவுக்குள் பறக்கும்போது பயணத்தின் பெரும்பகுதி ஏறுவதும் இறங்குவதும்தான். அதனால்தான் பெரிய ஜெட்டைக் கொண்டுவந்தாலும் நேரம் பாதியாகக் குறையாது. அது தன் வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

48 நிமிடத்தோடு கணக்கு முடியவில்லை. இரத்மலானையில் விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்குப் போக வேண்டும், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே வந்ததும் ஓடுபாதைக்கு நேரே வர ஒரு சுற்று, தரை தொட்டபின் கட்டிடம் வரை ஓட்டம். விமானக் கம்பனிகள் நேர அட்டவணையில் போடுவது இதையெல்லாம் சேர்த்த நேரம்: சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து சக்கரம் நிற்கும் வரை. அந்த வகையில் பார்த்தால் இரத்மலானை – மட்டக்களப்பு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மருமகனுக்கு நான் முதலில் எழுதிய திருத்தம் அதுதான்.

மேலே சொன்னதெல்லாம் காற்று அடிக்காத நாளுக்கான கணக்கு. மட்டக்களப்பில் காற்று இல்லாத நாள் எது?

நம்முடைய ஆட்கள் காற்றுக்குப் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள். மார்கழி, தையில் வாடை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது வெந்து காய்ந்து வருகிறது. அதுதான் கச்சான். ஒரு பக்கம் வட்டவளையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும்போது இந்தப் பக்கம் ஏறாவூரில் மண் சுடுவதற்கு அதுவே காரணம். நிலத்தில் நாம் உணர்வதைவிட ஏழாயிரம், ஒன்பதாயிரம் அடியில் அந்த மேற்குக் காற்று இன்னும் பலமாக வீசும். மணிக்கு 25 கடல்மைல் வேகத்தில் முதுகைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு 119 கடல்மைலுக்கும் கணக்குப் போட்டால், மட்டக்களப்புக்கு வர 38 நிமிடம், அதே காற்றை எதிர்த்துத் திரும்பிப் போக 51 நிமிடம். காற்றில்லாவிட்டால் இரண்டுக்கும் 43 நிமிடம். பதின்மூன்று நிமிட வித்தியாசம் வெறும் காற்றால் வருகிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: போய்வர மொத்தம் 89 நிமிடம், காற்றில்லாத நாளின் 87ஐ விடக் கூட. போகும்போது கொடுத்ததை வரும்போது அப்படியே வாங்கிக்கொள்வதில்லை காற்று, கொஞ்சம் கூட்டியே வாங்குகிறது. எதிர்காற்றில் அதிக நேரம் நிற்க வேண்டியிருப்பதால் அப்படி.

திமிலைதீவு ஓடுபாதையின் பெயர் 06/24. அதாவது ஒரு முனையால் ஏறக்குறைய 60 பாகைக்கு, வடகிழக்கே பார்த்து இறங்கலாம். மறுமுனையால் 240 பாகைக்கு, தென்மேற்கே பார்த்து. இரத்மலானையிலிருந்து வரும் நேர்கோட்டின் திசை 64 பாகை. யாரும் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, கொழும்பிலிருந்து வருகிற விமானம் உன்னிச்சைப் பக்கமிருந்து மூக்கைத் திருப்பாமலே ஓடுபாதைக்குள் வந்துவிடலாம். ஆனால் விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் இறங்க விரும்பும். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் நேரே வந்து இறங்குவது சரி. கச்சான் அடிக்கும்போது ஊரைத் தாண்டிப் போய், வாவிக்கும் கடலுக்கும் மேலால் வட்டமிட்டு, மறுபக்கத்தால் வர வேண்டும். அந்தச் சுற்றுக்கு ஐந்து நிமிடம் கூடும். சன்னல் ஓரம் இருப்பவருக்குக் கல்லடிப் பாலத்தையும் முகத்துவாரத்தையும் மேலேயிருந்து பார்க்கக் கிடைக்கும், அது வேறு விஷயம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் மலைநாட்டுக்கு மேல் இடிமுகில் கட்டும். அந்த முகிலுக்குள் சிறிய விமானம் போகக் கூடாது. அப்படியான நாளில் மலையை விட்டு விலகி, தம்புள்ளைப் பக்கத்தால் சுற்றி வரலாம். தூரம் 258 கிலோமீற்றர் அளவாகும், நேரம் ஏழு நிமிடம் கூடும். சுற்றுகிற விமானி நல்ல விமானி. காலை விமானமாகப் பார்த்து எடுங்கள் என்று நான் எல்லாருக்கும் சொல்வது இதனால்தான்.

மட்டக்களப்பு விமான நிலையம் புதியது என்று இளம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது 1958இல் திறக்கப்பட்டது. எயார் சிலோன் 1947இலேயே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பனியின் உள்நாட்டுச் சேவையில் பெயர் பெற்றது டகோட்டா, இரண்டு இயந்திரம் கொண்ட டீ.சீ.-3. அதன் வேகம் மணிக்கு 150 கடல்மைல் அளவு. இந்தத் தூரத்துக்கு அதைப் போட்டுப் பார்த்தால் 48 நிமிடம் வருகிறது. இன்றைய கரவானுக்கும் அன்றைய டகோட்டாவுக்கும் வானத்தில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். அறுபது வருடத்துக்கு மேலாகியும் இந்தப் பாதையின் பறக்கும் நேரம் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. மாறியது பறப்பதும் பறக்காமல் விடுவதும்தான். எயார் சிலோன் முடிந்து, 1979இல் எயார் லங்கா வந்தது. போர்க்காலம் முழுவதும் ஓடுபாதை விமானப்படையின் கையில் இருந்தது. வலையிறவுப் பாலத்தால் போனவர்களுக்கு அது முகாம், விமான நிலையம் அல்ல. 2018 மார்ச்சில் உள்நாட்டுப் பயணிகளுக்காக மீண்டும் திறந்தார்கள். அந்த நாளில் நானும் பாலத்தடியில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகும் ஊர்ச் சனம் நம்பி ஏறக்கூடிய ஒரு சேவை நிலைக்கவில்லை. காரணத்தை நான் இப்படிப் பார்க்கிறேன். பன்னிரண்டு இருக்கை உள்ள விமானத்தில் ஆறு பேர் வந்தால் எரிபொருளும் விமானியின் சம்பளமும் ஆறால் வகுபடும், டிக்கட் ஏறும். டிக்கட் ஏறினால் நாலு பேர்தான் வருவார்கள். மறுபக்கம் இரவு பஸ்ஸும் இரவு ரயிலும் இருக்கின்றன. இரவு நித்திரையோடு பயணம் முடிந்துவிடுகிறது, பகல் வீணாவதில்லை. விமானம் மிச்சப்படுத்தும் மணித்தியாலங்கள் யாருக்குப் பெறுமதியோ, அவர்களில் பலரிடம் அந்தக் காசு இல்லை. கொழும்பில் கிளினிக்குக்குப் போகும் நோயாளி எட்டு மணித்தியாலம் குந்திக்கொண்டு போய், காட்டிவிட்டு, அதே இரவில் திரும்பி வருவதை நான் என் பெரியம்மாவோடு பலமுறை போய் அனுபவித்திருக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் போகலாம் என்பது அவருக்குத்தான் மருந்து. அவர் ஒருநாளும் அதில் ஏறவில்லை.

பெரிய விமானம் வந்தால் ஒரு இருக்கையின் செலவு குறையுமே? குறையும். ஏ.டி.ஆர். 72 போன்ற எழுபது பேர் விமானம் மணிக்கு 270 கடல்மைல் போகும். இந்தத் தூரத்தை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் முழுப் பாரத்தோடு எழும்ப அதற்கு 1,300 மீற்றருக்கு மேல் ஓடுபாதை வேண்டும், அதுவும் 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில். வெப்பமான காற்று மெல்லியது. சிறகுக்குக் கிடைக்கும் பிடிப்புக் குறைவு. விமான நிலையம் கட்டுவோரின் கைக்கணக்குப்படி வெப்பம் ஒரு பாகை கூடினால் ஓடுபாதை நூற்றுக்கு ஒன்று நீள வேண்டும். கச்சான் நாளில் 35 பாகை என்றால் இருபது வீதம் கூட. நம்முடைய ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. நுனியில் நிற்கிற கணக்கு இது. இறங்கலாம், எழும்பலாம், ஆனால் மத்தியான வெயிலில் பாரத்தைக் குறைக்க வேண்டி வரும். சிறிய விமானங்களில் பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றுவதும் இதே காரணத்துக்காக. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வருவோம், ஏனென்றால் என் மனதில் இரத்மலானையைவிட அந்தப் பாதைதான் அதிகம் நிற்கிறது. 2019 ஒக்டோபரில் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், சென்னையிலிருந்து ஏ.டி.ஆர். விமானமே வந்து இறங்கியது. மட்டக்களப்பிலிருந்து பலாலி 157 கடல்மைல், 290 கிலோமீற்றர். கோடு வாழைச்சேனைக்கு மேலால் போய், தம்பலகாமம், கிளிநொச்சி என்று வடமேற்கே செல்கிறது. வழியில் மலை இல்லை, தாழ்வாகவே பறக்கலாம். கரவானில் பறப்பு நேரம் ஒரு மணித்தியாலம், எல்லாம் சேர்த்து ஒன்றேகால். தரைவழியாக 350 கிலோமீற்றருக்கு மேல். ரயிலில் போவதென்றால் மாகோ வரை மேற்கே போய் அங்கே வேறு ரயிலுக்கு மாறி மறுபடி வடக்கே ஏற வேண்டும். இரண்டு தமிழ்ப் பட்டணங்களுக்கு இடையில் பொண்ணு மாப்பிள்ளை, பல்கலைக்கழகம், உத்தியோக மாற்றம் என்று இவ்வளவு போக்குவரத்து இருந்தும், ஒரு நேர்வழி இல்லை. கணிக்கும் கருவி இந்தப் பாதைக்கு 52 நிமிடம் என்று காட்டும். இங்கே அதன் பிழை இருபது நிமிடத்துக்கும் மேல்.

தூரம் ஒன்றாகவே இருக்க நேரம் மாறும் என்பதற்கு வானத்தைப் பார்க்கத் தேவையில்லை, திருகோணமலை வீதியைப் பார்த்தாலே போதும். சீனக்குடா விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 108 கிலோமீற்றர். வாகரை, வெருகல், மூதூர் வழியாகப் போகும் கரையோர வீதி அதைவிடப் பெரிதாக நீண்டதல்ல. ஆனால் ஒரு காலத்தில் அந்த வீதியில் ஒவ்வொரு ஆற்றுக்கும் துறையில் நின்று, பாதை (வாகனம் ஏற்றிக் கடக்கும் மிதவை) வரும் வரை காத்திருந்து, ஏறி, கடந்து, மறுபடி அடுத்த துறைக்கு ஓட வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. கிலோமீற்றர் குறையவில்லை; நாள் முழுவதும் பிடித்த பயணம் ஒரு காலைப்பொழுதுக்குள் வந்துவிட்டது.

விமானத்துக்கும் துறைகள் உண்டு, அவை தரையில் இருக்கின்றன. என் மருமகன் இறங்கப் போவது கட்டுநாயக்காவில். இரத்மலானை அங்கிருந்து நேரே 40 கிலோமீற்றர் தெற்கே, கொழும்பின் மறுபுறத்தில். நெரிசல் நேரத்தில் காலி வீதியைப் பிடித்தால் ஒன்றரை மணித்தியாலம் சும்மா போகும். விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் போக வேண்டும். பறக்க ஒரு மணித்தியாலம். திமிலைதீவில் பெட்டி எடுத்து ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வர அரை மணித்தியாலம். கட்டுநாயக்க வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை நாலு மணித்தியாலம். தரைவழியே வாகனத்தில் வந்தால் ஏழு. மிச்சம் மூன்றுதான். அதே விமானம் கட்டுநாயக்காவிலிருந்தே புறப்பட்டால் தூரம் 206 கிலோமீற்றராகக் குறையும். அதைவிட முக்கியம், கொழும்பைக் கடக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலம் இல்லாமல் போகும். உள்நாட்டு விமானத்தை வெளிநாட்டுப் பயணத்தோடு அதே கட்டிடத்தில் இணைப்பதுதான் மட்டக்களப்புக்கு உண்மையில் நேரத்தைக் குறைக்கும் வழி என்று நான் நம்புகிறேன். விமானத்தின் வேகத்தைக் கூட்டுவதில் ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது.

அம்பாறைக்காரருக்கு ஒரு வார்த்தை. உகனையில் கல்லோயா என்ற பெயரில் ஒரு ஓடுபாதை இருக்கிறது, அதுவும் விமானப்படைத் தளம். மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் 41 கிலோமீற்றர். கல்முனை, காரைதீவு சுற்றிப் போனால் 60க்கு மேல். கணிக்கும் கருவிக்கு இந்தத் தூரம் 33 நிமிடம், அதில் முப்பது நிமிடம் ஏறி இறங்க என்று பொதுவாகச் சேர்த்தது. கரவான் அங்கே கால் மணித்தியாலத்தில் போய்விடும். யாரும் டிக்கட் எடுத்துப் போகிற தூரமல்ல என்றாலும் இந்த 41 கிலோமீற்றருக்கு ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு விமானமும் போகும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் எங்கே போவது என்று முன்கூட்டியே ஒரு மாற்று நிலையத்தை எழுதி, அதற்கான எண்ணெயையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்படும். மாற்று நிலையம் பக்கத்தில் இருந்தால் எண்ணெய்ப் பாரம் குறையும், அந்த இடத்தில் இன்னொரு ஆளோ இரண்டு பெட்டியோ ஏறும். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவர்களுக்கு இரண்டு ஓடுபாதைகளும் கைக்கெட்டிய தூரம். அப்படி இருந்தும் அவர்கள் கொழும்புக்குப் போவது இரவு பஸ்ஸில்.

மருமகனுக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். முழுவதும் வாசித்தானோ தெரியாது. அடுத்த நாள் பதில் வந்தது: "அப்ப மாமா, நான் வாற கிழமை பிளேன் ஓடுமா?" புறப்படும் கிழமையில் விமானக் கம்பனிக்கே எடுத்துக் கேள், சேவை இருந்தால் காலை விமானமாகப் பார், பெட்டியின் பாரத்தைக் கேட்டுக்கொள், ஆறு பெட்டியும் அதில் ஏறாது என்று சொன்னேன். இல்லையென்றால் கோட்டையில் இரவு மெயிலுக்கு நாலு இருக்கை பதிந்துவிடு, விடியப்புறம் நான் ஸ்டேஷனில் நிற்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.